மேடையேறிய வகுப்பறை



முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற ஒருவன் வானொலியில் பேச வந்தால் எதைப் பற்றிப் பேசுவான்? பாடத்தைப் பற்றித்தான் பேசுவான் என்று நீங்கள் வானொலிப் பெட்டியை அணைக்கக் கை நீட்டுவது எனக்குத் தெரிகிறது. சற்றே பொறுங்கள். இன்று நான் பேச வந்தது பாட்டைப் பற்றி. அமெரிக்க நாட்டின் நாடக மேடையில் 1949 முதல் 1959 வரையுள்ள பத்து ஆண்டுகளில் பிறந்து, இன்றும் உலகெங்கும் பாடப்பெறும் சில பாட்டுக்களைப் பற்றி. ஆனால் ஒன்று: நான் தேர்ந்தெடுத்திருக்கும் பாட்டுக்கள் எல்லாவற்றிலும் பாடம் என்பது எங்கேனும் ஓரிடத்தில் வந்துவிடுகிறது. பழக்கம் விடுமா?

இப்பாட்டுக்கள் எனக்கு அறிமுகமானது 1981-ஆம் ஆண்டில். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். ஆங்கில ஒலிப்பு முறை கற்பித்த பேராசிரியர் ஒருநாள் கரும்பலகையைத் தொடவே இல்லை. இசைத்தட்டுப் பெட்டி ஒன்றைச் சுமந்து வந்து மேசைமேல் வைத்தார். தட்டுச் சுழன்றது. ஒரு பெண்ணும் இரண்டு ஆண்களும் ஒரே வாக்கியத்தை மாற்றி மாற்றிச் சொல்லி, பிறகு பாடி, கடைசியில் கூத்தாடவே தொடங்கிவிட்டார்கள். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பேராசிரியர் மட்டும் மேசை விளிம்பில் விரலால் தாளம் போட்டுக்கொண்டு, “இதுதான் ஐயா இன்றைய பாடம்” என்றார். அந்தப் பாட்டுக்குப் பிறகு வருகிறேன்.

நியூயார்க் நகரில் பிராட்வே என்று ஒரு பெருந்தெரு உண்டு. அதை ஒட்டிய குறுக்குத் தெருக்களில் நாடகக் கொட்டகைகள் நெருங்கி நிற்கும். அங்கே நடக்கும் இசை நாடகங்களில், 1927-இல் வந்த ‘ஷோ போட்’ போன்ற சில நீங்கலாக, பாட்டுக்கும் கதைக்கும் நெடுநாள் பெரிய உறவு இருந்ததில்லை. ஒரு நாடகத்துப் பாட்டைப் பிடுங்கி மற்றொன்றில் நட்டாலும் ஏன் என்று கேட்பார் இல்லை. 1943-இல் ‘ஓக்லஹோமா’ என்ற நாடகம் இந்த வழக்கத்தைப் பெரிதும் மாற்றியது. அதற்கு இசை அமைத்தவர் ரிச்சர்டு ராட்ஜர்ஸ். வசனமும் பாட்டும் எழுதியவர் ஆஸ்கர் ஹாமர்ஸ்டீன். பாட்டுத் தொடங்கும்போது பாத்திரம் ஒரு நிலையில் இருக்க வேண்டும். பாட்டு முடியும்போது வேறொரு நிலைக்கு வந்திருக்க வேண்டும். இதுவே அவர்கள் கைக்கொண்ட முறை. ஒரு பாடவேளைக்கும் இதைவிடச் சிறந்த இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

உங்களில் பலர் கேட்டிருக்கக்கூடிய பாட்டிலிருந்து தொடங்குகிறேன். ‘தி சவுண்டு ஆஃப் மியூசிக்’ என்ற நாடகம் 1959-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் அரங்கேறியது. கன்னி மடத்திலிருந்து வரும் மரியா என்ற இளம்பெண், மனைவியை இழந்த ஒரு கப்பற்படைத் தலைவரின் ஏழு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆஸ்திரியாவில் ஒரு மாளிகைக்கு வருகிறாள். அக்குழந்தைகள் ஊதல் ஒலிக்கு வரிசையாக வந்து நிற்கப் பழகியவர்கள். பாடத் தெரியாது. அவர்களுக்கு அவள் கற்பிப்பதே ‘டோ ரே மி’ என்ற பாட்டு. திரைப்படத்தில் இதை மலைச்சாரலிலும் சால்ஸ்பர்க் நகரத் தெருக்களிலும் பாடி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். மேடையில் அவ்வளவு ஓட்டம் இல்லை. குழந்தைகளைச் சந்தித்த அன்றே, அந்த மாளிகைக்குள்ளேயே பாட்டு நடந்துவிடுகிறது.

நமக்கு ஸ ரி க ம ப த நி எப்படியோ, அப்படி மேனாட்டாருக்கு டோ, ரே, மி. இப்பெயர்களுக்கு மூலம் பதினோராம் நூற்றாண்டில் இத்தாலியில் இருந்த குய்தோ என்ற துறவி. யோவான் என்ற அடியாரைப் போற்றும் ஓர் இலத்தீனப் பாசுரத்தில் அடிக்கு அடி சுரம் ஒரு படி ஏறுவதை அவர் கண்டார். ஒவ்வோர் அடியின் முதல் அசையையும் அந்தந்தச் சுரத்துக்குப் பெயராக்கினார். மடத்துச் சிறுவர்கள் பாட்டைப் பாடம் பண்ணச் செய்த ஏற்பாடு அது. ஹாமர்ஸ்டீன் செய்ததும் அதே காரியந்தான். ஒவ்வொரு சுரப் பெயரும் குழந்தை அறிந்த ஓர் ஆங்கிலச் சொல்லைப் போல ஒலிப்பதைப் பிடித்துக்கொண்டார். மான், கதிர், தேநீர் என்று பொருள்படும் சொற்கள் வரிசையாக வருகின்றன. ஆறாவது சுரத்துக்கு மட்டும் சொல் அகப்படவில்லை. அது முந்திய சுரத்துக்கு அடுத்தது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்! தேர்வில் விடை தெரியாத பையன் கேள்வியையே திருப்பி எழுதி வைப்பதை நான் பார்த்திருக்கிறேன்; மகாகவிகளும் செய்வார்கள் போலும்.

பாட்டின் பிற்பகுதியைக் கவனியுங்கள். பெயர்கள் மனத்தில் பதிந்ததும் மரியா அவற்றைக் கலைத்து, வெவ்வேறு வரிசையில் அடுக்கிப் புதிய மெட்டாக்கிக் காட்டுகிறாள். சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் படித்தவர்களுக்கு இது புதிதன்று. அன்று மரியாவாக நடித்த மேரி மார்ட்டினுக்கு வயது நாற்பத்தைந்து. கொட்டகையில் அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

அடுத்தது 1951-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அரங்கேறிய ‘தி கிங் அண்டு ஐ’. சயாம் என்று அந்நாளில் வழங்கிய தாய்லாந்தின் அரசர் மோங்குட், தம் மக்களுக்குக் கல்வி கற்பிக்க 1862-இல் அன்னா லியனோவன்ஸ் என்ற ஆங்கில மாதை அழைத்துக்கொண்டார். அவ்வம்மையார் எழுதிய நூல்களைத் தழுவி ஒரு நாவல் வந்தது, நாவலிலிருந்து நாடகம். அதில் வகுப்பறைக் காட்சி ஒன்று. அரண்மனைப் பிள்ளைகளுக்குப் பழக்கமான பழைய படத்தில் சயாம் மாபெரும் நாடு. அன்னா புதிய உலகப் படத்தைக் காட்டுகிறாள். சயாம் ஒரு சிறு புள்ளியாக இருக்கிறது. பிள்ளைகள் முகம் வாடுகிறது. உடனே அவள், தன் சொந்த நாடு அதைவிடச் சிறிதாக இருப்பதைச் சுட்டிக் காட்டுகிறாள். இதுவன்றோ பயிற்சி பெற்ற கை! அதன் பின்னர் வருவதே ‘கெட்டிங் டு நோ யூ’ என்ற பாட்டு. ஒருவரை ஒருவர் அறிந்துகொள்வதைப் பற்றியது. பாடம் சொல்ல வந்தவர் மாணாக்கரிடமே பாடம் கேட்க நேரும் என்ற கருத்து அதன் தொடக்கத்தில் வருகிறது.

இந்தப் பாட்டு நாடகத்தில் முதலில் இல்லை. நியூயார்க்குக்கு வருமுன் பாஸ்டன் நகரில் வெள்ளோட்டம் விட்டபோது, அன்னாவாக நடித்த கெர்ட்ரூடு லாரன்ஸ், குழந்தைகளோடு சேர்ந்து பாடத் தமக்கு ஒரு பாட்டு வேண்டும் என்றார். இரண்டாண்டு முன்பு வேறொரு நாடகத்துக்காக இயற்றி ஒதுக்கிவைத்த மெட்டு ஒன்று ராட்ஜர்ஸிடம் கிடந்தது. அதற்குப் புதிய சொற்களை எழுதிச் சேர்த்தார்கள். ஒதுக்கப்பட்ட பிள்ளை, வகுப்பில் முதல்வனாயிற்று.

ஆயினும் இந்த நாடகத்தைப் பற்றி ஒரு குறை சொல்லியாக வேண்டும். அரசர் மோங்குட்டை முரட்டுக் குழந்தையைப் போலவும், மேனாட்டு ஆசிரியை வந்துதான் அவருக்கு அறிவு புகட்டினாள் என்பது போலவும் காட்டியிருக்கிறார்கள். உண்மை வேறு. அரியணை ஏறுமுன் இருபத்தேழு ஆண்டுகள் துறவியாக இருந்து கற்றவர் அவர். இலத்தீனும் ஆங்கிலமும் அறிந்தவர். வானியலில் வல்லவர். 1868 ஆகஸ்டு 18-ஆம் நாள் நேர்ந்த முழுச் சூரிய கிரகணத்தைத் தாமே கணித்து, அது நன்கு தெரியும் இடத்துக்கு அறிஞர்களை அழைத்துச் சென்று காட்டினார். அங்கே பற்றிய காய்ச்சலால் அக்டோபரில் உயிர் நீத்தார். (அதே கிரகணத்தை நம் சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்த குண்டூரில் பிரெஞ்சு அறிஞர் ஜான்சென் ஆராய்ந்தார், ஹீலியம் என்ற தனிமம் தெரியவந்ததற்கு அந்த நாளும் ஒரு காரணம். அறிவியல் மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.) அன்னாவும் தம்மை வேல்ஸ் நாட்டுப் பிறவி என்று சொல்லிக்கொண்டார், உண்மையில் பிறந்தது நம் அகமத்நகரில் என்று பிற்காலத்து ஆராய்ச்சியாளர் கண்டுபிடித்தனர். நாடகத்தின் திரைப்படத்தைத் தாய்லாந்து தன் நாட்டில் காட்ட விடவில்லை. அதில் வியப்பு என்ன? பாட்டு இனிது. ஆனால் அறிந்துகொள்வதைப் பற்றிப் பாடும் நாடகம் அந்த அரசரை அறிந்துகொள்ள முயன்றிருக்கலாம்.

இனி, என் பேராசிரியர் சுழலவிட்ட தட்டுக்கு வருகிறேன். ‘மை ஃபேர் லேடி’, 1956 மார்ச்சு 15-ஆம் நாள் அரங்கேறி, ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஓடி, 2,717 முறை நடிக்கப்பட்டது. ஆலன் ஜே லெர்னர் எழுத, பிரெடரிக் லோ இசை அமைத்தார். பெர்னார்டு ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகமே இதற்கு மூலம். ஹிக்கின்ஸ் என்ற ஒலிநூற் பேராசிரியர், தெருவில் பூ விற்கும் எலைசாவின் கொச்சைப் பேச்சைத் திருத்தி ஆறு மாதத்தில் சீமாட்டியாக்கிக் காட்டுவதாகப் பிக்கரிங் என்ற நண்பரிடம் பந்தயம் கட்டுகிறார்.

இலண்டன் நகரத்து எளிய மக்கள் ‘ஏய்’ என்று ஒலிக்க வேண்டிய இடத்தில் ‘ஐ’ என்பார்கள். அந்த ஒலி அடுத்தடுத்து வருமாறு அமைத்த ஒரு வாக்கியத்தை ஹிக்கின்ஸ் அவளுக்குக் கொடுக்கிறார். ‘தி ரெயின் இன் ஸ்பெயின்’ என்று தொடங்கும் அவ்வாக்கியம் 1938-இல் வந்த ‘பிக்மேலியன்’ திரைப்படத்திலேயே உள்ளது. அதட்டுகிறார், இனிப்பைக் காட்டி ஆசை மூட்டுகிறார், வாயில் கோலிக்குண்டுகளை அடைத்துப் பேசச் சொல்கிறார். ஒன்றும் பலிக்கவில்லை. நள்ளிரவு கடந்துவிடுகிறது. மூவரும் களைத்துப் போகிறார்கள். அப்போதுதான் முதன்முறையாக ஹிக்கின்ஸ் குரலைத் தணித்து, அவள் கைவசப்படுத்த முயலும் மொழி எத்தகைய செல்வம் என்பதைச் சொல்கிறார். சிறிது நேரம் மௌனம். எலைசா மெல்ல அந்த வாக்கியத்தைச் சொல்கிறாள். சரியாகச் சொல்லிவிடுகிறாள்! நம்ப முடியாமல் மறுபடியும் சொல்லச் சொல்கிறார். அவள் சொல்கிறாள். அந்தச் சொல்லே இசையாகி, ஸ்பெயின் நாட்டு ஆட்டத்தின் தாளத்தில் மூவரும் ஆடத் தொடங்குகிறார்கள்.

இந்த ஓரிடத்துக்காக இந்தப் பாட்டை எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் பாடமாக வைக்கலாம். அதட்டலும் இனிப்பும் செய்யாததை, ‘ஏன் கற்க வேண்டும்’ என்று மதித்துச் சொன்ன ஒரு சொல் செய்துவிட்டது. மேடைக்குப் பின்னாலும் இதே கதை நடந்தது. எலைசாவாக நடித்த ஜூலி ஆண்ட்ரூஸுக்கு அப்போது இருபது வயது. பாத்திரம் பிடிபடாமல் தடுமாறினார். இயக்குநர் மாஸ் ஹார்ட் மற்றவர்களை இரண்டு நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவரைத் தனியே வைத்து வரிவரியாகப் பயிற்றினார். அதன் பிறகே நமக்கு அந்த எலைசா கிடைத்தாள்.

ஆனால் கதை அந்தப் பாட்டோடு முடியவில்லை. பெரிய விருந்தில் எலைசாவை யாவரும் அரசகுலத்தவள் என்றே நம்புகிறார்கள். வீடு திரும்பியதும் பிக்கரிங் ஹிக்கின்ஸைப் புகழ்ந்து ஒரு பாட்டுப் பாடுகிறார். ‘யூ டிட் இட்’ என்பது அதன் பெயர். வேலைக்காரர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். சாதனை முழுவதும் ஆசிரியருடையது! எலைசா ஒரு பக்கமாக நிற்கிறாள். அவள் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. பாட்டு எவ்வளவு குதூகலமாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு அந்த நிற்றல் நம்மைச் சுடுகிறது.

என்னைச் சுட்டதற்குக் காரணம் உண்டு. நான் உதவி ஆசிரியனாக இருந்த ஆண்டுகளில் சிற்றூரிலிருந்து ஒரு பையன் வந்து சேர்ந்தான். நல்ல குரல். ஆனால் ழகரம் வராது. ‘வாழைப்பழம்’ அவன் வாயில் ‘வாளப்பளம்’தான். மாவட்டப் பேச்சுப் போட்டிக்கு அவனை ஆயத்தம் செய்தேன். மாலைதோறும் பள்ளி விட்ட பின் ஒரு மணி நேரம். மூன்று மாதத்தில் அவன் நாவில் தமிழ் மணக்கத் தொடங்கியது. போட்டியில் முதற்பரிசும் பெற்றான். பாராட்டுக் கூட்டத்தில் எனக்கு மாலை. என் உழைப்பைப் பற்றியே நால்வர் பேசினார்கள். நானும் பதிலுரையில் நான் கையாண்ட முறைகளை விரிவாகச் சொன்னேன். கோப்பையைப் பிடித்துக்கொண்டு அவன் மேடை ஓரத்தில் நின்றது எனக்குப் பிற்பாடுதான் நினைவுக்கு வந்தது.

ஒரு மாதம் கழித்து அவன் வகுப்பில் பேச்சையே குறைத்துக்கொண்டான். கேட்டேன். “ஐயா, வீட்டுல இப்படிப் பேசினா அம்மா சிரிக்கிறாங்க. அவங்க மாதிரி பேசினா நீங்க வருத்தப்படுவீங்க” என்றான். எலைசா கேட்கும் கேள்வியும் இதுதானே? பழைய இடத்துக்கும் போக முடியாமல், புதிய இடத்திலும் பொருந்தாமல், இனி என் கதி என்ன என்று அவள் கேட்கிறாள். ஹிக்கின்ஸுக்கு விடை தெரியவில்லை. எனக்கும் அன்று தெரியவில்லை. வீட்டுப் பேச்சும் பிழையன்று, மேடைப் பேச்சும் வேண்டும், இரண்டுக்கும் உரியவன் நீதான் என்று அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். பின்னால் வந்த மாணவர்களுக்குச் சொன்னேன்.

இறுதியாகச் சொல்லப்போகும் பாட்டு மிகச் சிறியது. ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 1949 ஏப்பிரல் 7-ஆம் நாள் அரங்கேறிய ‘சவுத் பசிபிக்’ என்ற ராட்ஜர்ஸ், ஹாமர்ஸ்டீன் நாடகத்தில் வருகிறது. இரண்டாம் உலகப் போர்க்காலம். பசிபிக் தீவு ஒன்று. நெல்லி என்ற அமெரிக்கத் தாதி ஒரு பிரெஞ்சுத் தோட்ட முதலாளியை நேசிக்கிறாள். அவருடைய காலஞ்சென்ற மனைவி அத்தீவுகளின் பழங்குடிப் பெண் என்று அறிந்ததும் பின்வாங்குகிறாள். இந்த வெறுப்புத் தன்னோடு பிறந்தது, தான் என்ன செய்ய முடியும் என்கிறாள். கேபிள் என்ற இளம் படையதிகாரியும் ஆசியப் பெண்ணொருத்தியைக் காதலித்து, மணக்கத் துணியாமல் தவிக்கிறான். அவன்தான் ஆத்திரத்தோடு மறுமொழி பாடுகிறான். வெறுப்பு உடன்பிறந்ததன்று, அறியாப் பருவத்திலேயே ஆண்டுக்கணக்காகக் காதில் ஓதிக் கற்பிக்கப்படுவது. தாலாட்டுப் போன்ற எளிய மெட்டில் இந்தக் கசப்பைப் பாட வைத்தார் ராட்ஜர்ஸ். ‘யூவ் காட் டு பி கேர்ஃபுலி டாட்’ என்பது அதன் பெயர்.

நாடகத்தின் நலம் நாடிய சிலர் இப்பாட்டை எடுத்துவிடுமாறு சொன்னார்கள். இருவரும் இணங்கவில்லை. 1950-இல் இந்நாடகம் புலிட்சர் பரிசு பெற்றது. 1953-இல் ஜார்ஜியா மாநிலத்தில் நடந்தபோது, அம்மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் இருவர், இது மாஸ்கோவின் கருத்து என்று சொல்லி இத்தகைய நாடகங்களைத் தடுக்கச் சட்டம் கொண்டுவர முயன்றார்கள். கதையில் நெல்லியின் சொந்த ஊர் ஆர்க்கன்சாவில் உள்ள லிட்டில் ராக். அதே ஊரில்தான் 1957-இல் கறுப்பின மாணவர் ஒன்பது பேர் பள்ளிக்குள் நுழைவதைக் கூட்டமும் மாநிலக் காவற்படையும் தடுத்தன. குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் படையை அனுப்பி அவர்களைப் பள்ளியில் சேர்க்க வேண்டியதாயிற்று. ஒன்றரை நிமிடப் பாட்டு எதைத் தொட்டது என்று தெரிகிறதா?

இப்பாட்டை நான் ஏதோ அயல்நாட்டுச் செய்தியாகக் கேட்டிருந்த காலம் உண்டு. தலைமையாசிரியனான பின் ஒருநாள், ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் மணிக்கட்டில் இரு வண்ணக் கயிறு கட்டியிருந்தான். எந்தச் சாதிக்கு எந்த வண்ணம் என்று பெரியவர்கள் வகுத்திருந்தது எனக்குத் தெரியும். “யார் தம்பி கட்டிவிட்டது?” என்றேன். “சித்தப்பா, சார்” என்று மகிழ்ச்சியோடு சொன்னான். “இது எதற்கு?” என்றேன். அவன் யோசித்தான். பிறகு, “யார் கூடச் சேரக்கூடாதுன்னு தெரிஞ்சுக்கறதுக்கு” என்றான். பதினோரு வயது. பாடத்தைப் பிழையின்றி ஒப்பித்துவிட்டான். நான் கத்தரிக்கோலை எடுத்துக் கயிற்றை வெட்டினேன். மறுநாள் புதிய கயிற்றோடு வந்தான். வெட்டியது என் அவசரம். அந்த ஆண்டு முழுவதும் அவனை வெவ்வேறு பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார வைத்ததும், மதியம் ஒரே வட்டமாக உண்ண வைத்ததும்தான் ஏதோ கொஞ்சம் செய்தன. கோடை விடுமுறைக்கு முன்பு ஒருநாள் அவன் கை வெறுமையாக இருந்தது. நான் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

நேரம் நெருங்கிவிட்டது. ஹாமர்ஸ்டீன் ஓர் ஆசிரியராகவும் இருந்தார் என்பதைச் சொல்லி விடைபெறுகிறேன். அவர் வீட்டருகே வளர்ந்த ஸ்டீபன் சோண்டைம் என்ற சிறுவன், தன் பதினைந்தாம் வயதில் பள்ளிக்காக ஓர் இசை நாடகம் எழுதி அவரிடம் கொண்டுவந்தான். யார் எழுதியது என்று அறியாதவர் போலப் படிக்கும்படி கேட்டுக்கொண்டான். அவரும் அப்படியே படித்து, தாம் படித்தவற்றிலேயே இதுதான் மிக மோசம் என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு அனுப்பவில்லை. அன்று பிற்பகல் முழுவதும் முதல் வரியிலிருந்து தொடங்கி, ஏன் மோசம் என்று விளக்கினார். அந்தப் பையன் 1957-இல், தன் இருபத்தேழாம் வயதில், ‘வெஸ்ட் சைடு ஸ்டோரி’க்குப் பாட்டு எழுதினான்.

1960-ஆம் ஆண்டு ஹாமர்ஸ்டீன் நோயுற்று, முடிவு நெருங்கியதை அறிந்து, வேண்டியவர்களுக்குத் தம் உருவப்படத்தைக் கொடுத்தார். சோண்டைம் தமக்குரிய படத்தில் கையெழுத்திடுமாறு வேண்டினார். கிழவர் சிறிது யோசித்து, நண்பனும் தன் ஆசிரியனுமான ஸ்டீவிக்கு என்று எழுதிக் கொடுத்தார்.